தட்டில் வளரும் ஆல்



கொல்கத்தாவை அடுத்த ஷிப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் பேராலமரத்தை நீங்கள் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். அதன் அடிமரம் காளான் நோயால் கெட்டுப்போக, 1925-ஆம் ஆண்டில் அதனை வெட்டி அகற்றிவிட்டார்கள். ஆயினும் மரம் சாகவில்லை. விழுதுகளே மரமாகி இன்றும் அதனைத் தாங்கி நிற்கின்றன. இத்துணை உயிராற்றல் படைத்த ஆல், அரசு, இச்சி ஆகிய இனத்தைத்தான் ஒரு முழ உயரத்தில், உள்ளங்கை ஆழமுள்ள தட்டில் வளர்க்கும் கலையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

இக்கலையைப் போன்சாய் என்பர். அது ஜப்பானியச் சொல். தாழ்ந்த கலத்தில் நடுதல் என்பது அதன் பொருள். சீனத்தில் பிறந்து ஜப்பானில் செழித்த கலை இது. போன்சாய் என்பது குட்டையான தனிச் சாதி என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. தட்டில் உள்ள ஆலின் கிளையை வெட்டி வயலில் நட்டால், அது ஊர்ப் பொதுவிடத்து ஆலைப் போலவே ஓங்கி வளரும். சிறுமை விதையில் இல்லை, வளர்ப்பில்தான் இருக்கிறது.

எந்த மரத்தைத் தேர்வது? அரசு அழகியதுதான், ஆனால் அகன்ற இலையும் நீண்ட காம்பும் உடைய அதனைச் சிறு வடிவுக்குள் அடக்குவது அரிது. சிற்றிலை கொண்ட இச்சியே தொடக்கத்துக்கு ஏற்றது. பறவையின் எச்சத்தில் வந்து சுவர் வெடிப்புகளில் தானே முளைத்திருக்கும். என் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்த இச்சியொன்றை இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் பெயர்த்தெடுத்தேன். கொத்தனார் அதனை அமிலம் ஊற்றி அழிக்க இருந்தார்!

பெயர்த்த செடியை உடனே தட்டில் வைத்தல் ஆகாது. தட்டில் அடிமரம் பருப்பது மிக மெதுவாகவே நிகழும். எனவே நான்கைந்து ஆண்டுகள் தரையிலோ பெருந்தொட்டியிலோ தடையின்றி வளரவிட வேண்டும். வேரின் அடியில் ஓர் ஓட்டுத் துண்டை வைத்து நட்டால், வேர்கள் ஆழம் போகாமல் நாற்புறமும் பரவும். அடிமரம் போதிய பருமன் அடைந்தபின் தலையை வெட்டிக் கிளைகளை உருவாக்கலாம். வெட்டுவாயில் வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். கையைக் கழுவிக்கொள்வது நன்று.

நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை தோன்றுவது ஏன்? தண்டின் நுனியில் ஆக்சின் என்னும் பொருள் சுரந்து கீழ்நோக்கி இறங்குகிறது. அது பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனி போனால் அவை விழித்தெழுகின்றன. மரத்தின் தலைப்பகுதி எப்போதும் மிஞ்சி வளர முயலும். ஆதலின் மேற்கிளைகளை அடிக்கடி வெட்டியும், கீழ்க்கிளைகளைத் தாராளமாக விட்டும் வளர்த்தால்தான் முதுமரத்தின் தோற்றம் அமையும். கிளைகள் மிகுந்து பிரியப் பிரிய இலைகள் சிறுக்கும். காயின் பருமன் மட்டும் குறையாது. அலுமினியக் கம்பியைக் கிளையில் சாய்வாகச் சுற்றி வளைப்பதும் உண்டு. இச்சி விரைந்து பருக்கும் மரமாதலால், கம்பி பட்டையில் பதியத் தொடங்குமுன் அதனை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

இனி நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வேன். தட்டுமரங்கள் பெரும்பாலும் மடிவது இதனால்தான். நீங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீள்சதுரமான பஞ்சு ஒன்றை நீரில் நன்கு நனைத்து, படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் அதனையே செங்குத்தாக நிறுத்துங்கள். மீண்டும் நீர் சொட்டும்! ஆழமான தொட்டியைவிட ஆழமற்ற தட்டில் மண்ணின் பெரும்பகுதி ஈரத்தில் ஊறி நிற்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே தோட்டத்துக் களிமண் தட்டுக்கு உதவாது. வேர் மூச்சுத் திணறி அழுகும். சலித்த செங்கற்சல்லி, பருமணல், மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து இட வேண்டும். மேல்மண் உலர்ந்ததும் அடித்துளை வழியே வடியுமட்டும் நீர் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் காலையும் மாலையும் ஊற்ற நேரும்; ஐப்பசி மழையில் பல நாள் ஊற்றவே வேண்டாம். நாள்தோறும் ஒரு குவளை என்று கணக்கு வைத்துக்கொள்வோர் கையில் மரம் பிழைப்பது அருமை. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளியவிட்டு, அந்நீரில் மேலும் நீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றலாம்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடை முற்றுமுன் தளிர் விடும் பருவத்தில் மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்குவரை வெட்டிப் புதுமண் இட வேண்டும். பின்னர் இரண்டு மூன்று வாரம் நிழலில் வைக்க வேண்டும். அப்போது இலை உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். இடம் மாற்றினாலே இலையுதிர்ப்பது இவ்வினத்தில் சிலவற்றின் இயல்பு.

வேரையும் கிளையையும் வெட்டுவது கொடுமையன்றோ என்று மாணவர் சிலர் என்னை வினவியதுண்டு. நல்ல வினா. 1625-ஆம் ஆண்டு முதல் கலத்தில் வளர்க்கப்பட்ட ஒரு ஜப்பானிய வெண்பைன் மரம், 1945-இல் ஹிரோஷிமாவில் வீழ்ந்த அணுகுண்டுக்கும் தப்பி, 1976-இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. ஐந்தாறு தலைமுறையினர் அதனைப் பேணியிருக்கின்றனர். வெட்டுவதால் மரம் நலிவதாயின் இது நடந்திராது. ஆனால் தரையில் நிற்கும் மரம் தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும். தட்டில் நிற்பதற்கு அவ்வழியை நாம் அடைத்துவிட்டோம். அதனை மறந்து வெளியூர் போகிறவன் செய்வதே கொடுமை. நாள்தோறும் பார்க்க இயலாதவர்கள் இதனைத் தொடங்கவே வேண்டாம் என்று நான் வெளிப்படையாகச் சொல்வேன்.

அறுபதைக் கடந்த எனக்கும் இது வெறும் பேச்சன்று. என் இச்சிக்கு இன்னும் நெடுங்காலம் வாழ்வு உண்டு. மாடிப்படி ஏற என் முழங்கால் இப்போதே மறுக்கிறது. ஆகவே சென்ற ஆண்டு முதல் நீர் ஊற்றும் பொறுப்பைக் கல்லூரியில் பயிலும் என் பேத்தியிடம் ஒப்படைத்திருக்கிறேன். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்ற அவள் கற்றுக்கொண்டாள். இடப்புறம் தாழ்ந்திருக்கும் கிளை மரத்தின் வடிவைக் கெடுக்கிறது, வெட்டிவிடலாம் என்பது அவள் கட்சி. பதினைந்து ஆண்டு வளர்த்த கிளை, இருக்கட்டும் என்பது என் கட்சி. வரும் மாசியில் மண் மாற்ற வேண்டும். அதுவரை அக்கிளையில் அவள் கட்டியிருக்கும் சிவப்பு நூல் அப்படியே இருக்கும்.