இறுதி நாள்களில் நாம் செய்யும் பணிவிடை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்ட உரை)



“இனி வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்” என மருத்துவர் கூறியதும், எல்லாம் முடிந்ததென்றே நாம் கருதுகிறோம். அவ்வாறன்று. நோய் தீராத நிலையிலும் வலியைத் தணிக்க இயலும். அதற்கென உள்ளதே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை. கோழிக்கோட்டில் 1993 முதல் இப்பணி நடந்து வருகிறது. அங்கு பயிற்சி பெற்ற ஊர்மக்களே நோயாளியின் இல்லம் தேடிச் செல்கின்றனர்.

மார்ஃபின் என்றதும் நாம் அஞ்சுகிறோம். மருத்துவர் அளவறிந்து தருவது உயிரைப் பறிப்பதன்று. துடிப்பவருக்கு அதை மறுப்பது, நம் கருத்தில், ஸப்ரும் அன்று.

இறுதி நாள்களில் பசி குன்றுவது இயல்பே. நினைவிழந்தவர் வாயில் பாலையோ, ஸம்ஸம் நீரையோ பாசத்தால் ஊற்றினாலும் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். நனைத்த பஞ்சினால் உதடுகளை ஈரமாக்குங்கள். ஃபிக்ஹு நூல்களும் அதையே கூறுகின்றன.

கலிமாவை அருகமர்ந்து மெல்லச் சொல்ல வேண்டும், சொல்லுமாறு நெருக்கலாகாது. ஒருமுறை மொழிந்துவிட்டால், அவர் வேறு பேச்சுப் பேசினாலன்றி மீண்டும் நினைவூட்டத் தேவையில்லை. அறை நிறையக் கூடி நின்று, அவர் காதுபடவே கஃபன் துணி பற்றிப் பேசுவோரும் நம்மிடையே உள்ளனர்!

நமது பள்ளியில் சந்தூக் இருக்கிறது. படுக்கைப்புண்ணைத் தடுக்கும் நீர்மெத்தை ஒன்றுகூட இல்லை. இவ்வாண்டு வரவு செலவில் இரண்டு நீர்மெத்தைகளுக்கு இடமளிக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.