எட்டு மாடிச் சேரி

(மந்தைவெளியில் நடந்த குடியிருப்போர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைக்குப் பழகியவன் இல்லை. இந்தப் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பிறந்தவன், 2000-இல் லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரில் இறக்கப்பட்டவன். அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன்.

இந்தக் கால்வாய் யாருடையது? அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்ச காலத்தில் கூலிக்கு மண் சுமந்தவன் யார்? நிலம் வைத்திருந்தவனா? கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். மண் சுமக்கிற ஜனம் அதே கரையில் குடிசை போட்டால் அதற்கு வைக்கிற பெயர் 'ஆக்கிரமிப்பு'.

நீர்நிலையைக் காக்கணும் என்கிறார்கள். சரி, காப்போம். வெள்ளம் வந்தால் முதலில் முழுகுகிறது நம் வீடுதான், அந்தக் கவலை நமக்கு இல்லையா? ஆனால் தியாகராய நகர் எதன்மேல் நிற்கிறது? 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர் அது. வள்ளுவர் கோட்டம் 1976-இல் திறக்கப்பட்டதும் ஏரி இருந்த இடத்தில்தான். பறக்கும் ரயில் 1997-இல் திருமயிலைக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் வந்தது. அதன் தூண்கள் எங்கே ஊன்றியிருக்கின்றன? எட்டிப் பாருங்கள், இந்தக் கால்வாய்க்குள்ளேயே. சிமெண்ட் ஊன்றினால் வளர்ச்சி, ஓலை ஊன்றினால் ஆக்கிரமிப்பு. இது நீரைப் பற்றிய கணக்கு இல்லை தோழர்களே, ஆளைப் பற்றிய கணக்கு.

2022 ஏப்ரல் கடைசியில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பு தொடங்கியது. உச்சநீதிமன்ற உத்தரவு என்றார்கள். சுமார் 250 வீடுகள். மே 5-ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்புக்கும் மறுநாள் பத்தாம் வகுப்புக்கும் பொதுப்பரீட்சை ஆரம்பம். பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு முன்னால் புல்டோசர். மே 8, ஞாயிற்றுக்கிழமை, அங்கே குடியிருந்த பெரியவர் ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். பிழைக்கவில்லை. மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர், இந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும், மறுகுடியமர்வுக்கு ஒரு கொள்கை வகுக்கப்படும் என்று அறிவித்தார்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். பக்கத்திலேயே வீடு தர முடியும் என்பது மே 9-ஆம் தேதி தெரிந்ததே, மே 7-ஆம் தேதி ஏன் தெரியவில்லை? ஒரு உடம்பு எரிந்த பிறகுதான் இந்த நகரத்தில் நமக்கு இடம் இருப்பது கண்ணுக்குப் படுமா?

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1971-இல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. குடிசைப்பகுதி என்று அரசு அறிவித்த இடத்திலிருந்து, உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது. அந்த வருஷம் சென்னையில் 1202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் இன்னும் 17. அதோடு நின்றுபோனது. பிறகு பல பத்தாண்டுகள் பட்டியலில் ஒரு பெயரும் ஏறவில்லை. சேரிகள் பெருகின, பட்டியல் பெருகவில்லை. பட்டியலில் இல்லாதவனுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 1985-இல்தான் உச்சநீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பு என்பதும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று சொன்னது. சொல்லிவிட்டு, முறைப்படி செய்தால் அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. உரிமையும் அதே தீர்ப்பில், புல்டோசரும் அதே தீர்ப்பில்.

பிழைப்பு என்றால் என்ன? என் அம்மாவைச் சொல்கிறேன். மயிலாப்பூரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தது. காலை ஆறு மணிக்கு முதல் வீடு. கண்ணகி நகருக்குப் போன பிறகு விடியுமுன்னே கிளம்பி, பஸ் மாறி வந்து சேர ஏழரை. ஒரு மாசத்தில் இரண்டு வீட்டில் வேற ஆள் வைத்துக்கொண்டார்கள். "வூடு குட்த்தாங்கடா, வயித்த அங்கியே வுட்டுட்டு வந்துட்டோம்" என்று சொல்லும். நான் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒரு கைநாட்டில் இவ்வளவும் நடந்தது. எதற்கு வைக்கிறோம் என்று அம்மாவுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

கிராமத்தை நம்பாதே என்றார் பாபாசாகேப். ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்த இடத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம். இந்த நகரத்தில் நமக்கு வேர் இல்லையா? ஊரூரில் 1894-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஆல்காட் பள்ளி நடந்த அடையாறு இது. அயோத்திதாசர் 1907-இல் பத்திரிகை நடத்திய இராயப்பேட்டை அதோ. இப்போது நகரமே தன் விளிம்பில் ஒரு சேரியைக் கட்டுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதில் பெரும்பாக்கம் எட்டு மாடிச் சேரி. கால்வாய்க்கரை ஆபத்து என்று தூக்கிப்போய்ச் சதுப்பு நிலத்தின் ஓரம் வைத்தார்கள். 2015 வெள்ளம் அங்கேயும் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் 1966-இல் கேப் டவுனின் ஆறாம் வட்டாரத்தை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000 பேரை நகரத்துக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தினார்கள். அதற்கு நிறவெறி என்று உலகம் பெயர் வைத்தது. இதற்கு 'மறுகுடியமர்வு'.

நம்மில் சிலர், "கக்கூஸ் வச்ச வூடு தரான், போயிட்டா இன்னா?" என்று கேட்கிறார்கள். அவர்களை நான் துரோகி என்று சொல்ல மாட்டேன். சாக்கடை ஓரத்தில் பெண்பிள்ளை வளர்க்கிற தாய்க்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நாம் சாக்கடையைக் கேட்கவில்லை. அந்தக் கக்கூஸ் வைத்த வீட்டை மந்தைவெளியில் கட்டு என்கிறோம்.

கடைசியாக, செய்ய வேண்டியது. வெள்ளைத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். நோட்டீசை எழுத்தில் கேளுங்கள், நகல் எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பள்ளிச் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், ஒன்று வேறு தெருவில் இருக்கட்டும். கணக்கெடுக்க வந்தால் வாடகைக்கு இருப்பவரும், தனியாய் வாழும் பெண்களும் விட்டுப்போகாமல் நாமே ஒரு பட்டியல் வைத்திருப்போம். படிப்பு வருஷத்தின் நடுவில் யாரையும் நகர்த்த விடக்கூடாது. எதிர்ச்சாரியில் மாடிவீட்டில் இருக்கிற தோழர்களுக்கு: அறிக்கை பிறகு எழுதலாம். விடிகாலை வண்டி வரும்போது தெருவில் வந்து நில்லுங்கள்.

2000-இல் எங்கள் லாரி கிளம்பியபோது தெருவில் ஒருத்தரும் இல்லை. அம்மா வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது. அடுத்த லாரி வந்தால் அதன் முன்னால் நாம் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.