பெயர்வழியும் குருதிவழியும்



பள்ளியில் புதிதாக ஒரு மாணவனைச் சேர்க்கும்போது தலைமையாசிரியர் முதலிற் கேட்பது பெயர். அடுத்துக் கேட்பது தலைப்பெழுத்து. நான் பணியாற்றிய காலத்தில், ஒரு நாள் பெரியவர் ஒருவர் ஒரு சிறுவனை அழைத்து வந்தார். பதிவேட்டைத் திறந்து, "தலைப்பெழுத்து என்னப்பா?" என்று கேட்டேன். சிறுவன் விடை கூறாமல் பெரியவரின் முகத்தைப் பார்த்தான். அவனைப் பெற்ற தந்தை அவன் கைக்குழந்தையாயிருந்தபோதே இறந்துவிட்டார். எடுத்து வளர்த்தவர் இவர். எந்த எழுத்தை எழுதுவது? நான் கேட்டது ஓர் எழுத்தைத்தான். ஆனால் அதன் பின்னே ஒரு பெரிய வினா நின்றது. ஒருவன் தாங்கும் பெயரும் அவன் உடலில் ஓடும் குருதியும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றனவா? இவ்வினாவை அறிவியலறிஞர் ஆராய்ந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நம் நாட்டில் தமிழர் பெரும்பாலோர் தந்தை பெயரின் முதலெழுத்தையே முன்னே இட்டுக்கொள்கிறோம். ஆதலின் அது தலைமுறைதோறும் மாறிவிடும். இங்கிலாந்திலோ குடும்பப் பெயர் மாறாமல் தந்தையிடமிருந்து மக்களுக்கு வழிவழியாக வருகிறது. 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்ற பிறகு, சில நூற்றாண்டுகளில் இவ்வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றியது. ஸ்மித் என்பது கொல்லர் தொழிலால் வந்த பெயர். சைக்ஸ் என்பது இடத்தால் வந்த பெயர். யார்க்ஷயர் வட்டார வழக்கில் அது சிற்றோடையைக் குறிக்கும். ஓடைகள் பலவாதலால், பல ஊர்களில் பல குடும்பத்தார் தனித்தனியே இப்பெயரைப் பெற்றிருக்க வேண்டும் என்பதே பழைய ஏடுகளை ஆராய்ந்தவர் கருத்து.

இதனைச் சோதிக்க இயற்கையே ஒரு கருவியை வைத்திருக்கிறது. நம் உடலின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஒய் குரோமோசோம் என்பது ஆண்களிடம் மட்டுமே இருப்பது. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. மற்றவை தலைமுறைதோறும் ஒன்றோடொன்று கலந்து மாறுகின்றன. ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி அவ்வாறு கலப்பதில்லை. ஆகவே இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் இக்குரோமோசோமும் ஒரே பாதையில் நடந்து வருகின்றன. பெண்களிடம் இது இல்லை. தன் தந்தைவழியை அறிய விரும்பும் பெண் தந்தை, உடன்பிறந்தான் போன்ற தந்தைவழி ஆடவரையே நாட வேண்டும்.

ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதுவோர் எங்கேனும் ஒரு பிழை செய்வர். அடுத்துப் படியெடுப்பவர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவர். இரண்டு சுவடிகளில் ஒரே பிழைகள் பல காணப்பட்டால், அவை ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை எனப் பதிப்பாசிரியர் முடிவு செய்வர். ஒய் குரோமோசோமிலும் சில இடங்களில் ஒரு சிறு தொடர் பலமுறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவரிடம் 14 முறை வருவது மற்றொருவரிடம் 15 முறை வரலாம். இவ்வாறு பல இடங்களில் எண்ணி ஒப்பிட்டால், இருவர் ஒரே கிளையினரா என்பது புலப்படும்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் தம் பெயரையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்னும் பெயருடைய 48 ஆடவரின் ஒய் குரோமோசோமில் நான்கு இடங்களை அவரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே அமைப்பு காணப்பட்டது! ஒப்பிடுவதற்காகச் சோதித்த பிற பெயரினரிடம் அது காணப்படவில்லை. இன்று வாழும் சைக்ஸ் குடும்பத்தார்க்கு ஒரே மூதாதை இருந்திருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். ஏடுகளிலிருந்து ஊகித்ததற்கு இது மாறானது. எல்லாப் பெயர்க்கும் இம்முடிவு பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் நாற்பது பெயர்களை ஆராய்ந்து 2009-இல் கண்டது இது: அரிய பெயர்களில் ஒற்றுமை மிகுதி, ஸ்மித் போன்ற பரவலான பெயர்களில் ஒற்றுமை காண்பது அரிது. ஊர்தோறும் கொல்லர் இருந்தனர் அல்லரோ?

மாணவர்களே, பொருந்திய பாதியைப் பார்த்து நாம் வியக்கிறோம். பொருந்தாத பாதியை என்ன சொல்வது? அவர்கள் சைக்ஸ் அல்லரா? தத்தெடுத்த பிள்ளை வளர்த்தவர் பெயரைத் தாங்குவான். கணவனை இழந்தவள் மறுமணம் செய்துகொண்டால், அவள் மக்கள் மாற்றுத் தந்தையின் பெயரைப் பெறலாம். மணமாகாத தாயின் மகனுக்குத் தாயின் குடும்பப் பெயர் வருவதுண்டு. வெளியிற் சொல்லப்படாத செய்திகளும் சில உண்டு. ஒரு தலைமுறையில் நூற்றுக்கு இருவர்க்கு மட்டுமே இவ்வாறு நேர்வதாகக் கணக்குக்காகக் கொள்வோம். 23 தலைமுறை கழிந்த பின், முதல் மூதாதையின் குரோமோசோம் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பேரிடமே இருக்கும். வீட்டில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். சிறு துளி எவ்வளவு பெருகுகிறது!

அரசகுலமும் இதற்கு விலக்கன்று. 1485-இல் போரில் மடிந்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகள் 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு வண்டி நிறுத்துமிடத்தின் அடியிற் கிடைத்தன. 2014-இல் வெளியான ஆய்வில், தாய்வழி மரபணு இன்று வாழும் உறவினருடையதோடு பொருந்தியது. தந்தைவழியில் உறவினர் என்று குலவரிசை கூறிய ஐவரிடம் மன்னரின் ஒய் குரோமோசோம் அமைப்பு இல்லை. அவ்வைவருள்ளும் ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. எழுதி வைத்த குலவரிசையிலும் குருதிவழி எங்கோ அறுந்திருக்கிறது.

ஆகவே இச்சோதனையை நாடுவோர் மூன்றை மறவாதிருக்க வேண்டும். முதலாவது, சில இடங்கள் மட்டும் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். பொருத்தம் உறுதியானாலும், அது மூதாதையின் பெயரையோ ஊரையோ சொல்லாது. அதற்குப் பழைய பதிவேடுகளும் வேண்டும். இரண்டாவது, பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் நம் முன்னோர் வரிசையில் 1024 இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஓர் இடத்தை மட்டுமே காட்டும். எஞ்சிய 1023 பேரை மறந்து குலப்பெருமை பேசுவது அறிவாகுமா? மூன்றாவது, ஒருவன் செய்துகொள்ளும் சோதனை அவன் தந்தையைப் பற்றியும் உடன்பிறந்தாரைப் பற்றியும் பேசிவிடும். விளையாட்டாகத் தொடங்கியது ஒரு வீட்டின் அமைதியைக் குலைக்கலாம். அவர்களைக் கலந்து, வருவது எதுவாயினும் ஏற்கும் உள்ளத்தோடு தொடங்குவதே முறை.

அந்தச் சிறுவனிடம் திரும்புவோம். பெரியவர், "அவன் அப்பா எழுத்தையே போடுங்கள் ஐயா, செத்தவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்" என்றார். சிறுவனோ, "இவர் எழுத்தைப் போடுங்கள் சார்" என்றான். இருவர் சொன்னதும் அன்பினாற் சொன்னதே. நான் விதிப்படி பெற்ற தந்தையின் எழுத்தை எழுதினேன்; காப்பாளர் என்னும் பத்தியில் பெரியவரின் பெயரை முழுமையாக எழுதிச் சிறுவனிடம் காட்டினேன். அவன் அதை விரலால் தொட்டு வாய்விட்டுப் படித்தான்.

ஒரே பதிவேட்டில் இரண்டு பத்திகளுக்கும் இடம் இருந்தது. மரபணுச் சோதனை முதற் பத்தியைப் படித்துச் சொல்லும். அதனைத் திறம்படவே சொல்லும். இரண்டாம் பத்தியைப் படிக்கும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அதனை நாம்தான் படிக்க வேண்டும்.