கண்டதைக் கொப்பியில் எழுதி வைப்போம்
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிற வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வழக்கமாக நான் குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் தடுப்பூசி என்றுதான் பேசுவேன். இன்றைக்குக் காட்டு மிருகங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "நம்ம பொழப்புக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் என் பிழையைச் சொல்லி விடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம் இருந்தது. ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் பார்த்ததாகக் கதை. மூன்று, ஐந்து ஆகியது. ஐந்து, குட்டிகளோடு எட்டு ஆகியது. காட்டோரத்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகப் பெண்கள் பயந்தார்கள். பாதியில் திரும்பியவர்களுக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

அப்போது வயதான அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, அது மூனு இல்ல, ஒன்னுதான். நான் ரெண்டு தரம் பாத்தேன். எடது காது கிழிஞ்சிருக்கு. மத்தவங்க பாத்ததும் கிழிஞ்ச காதுதான். விடியக்காலயில கானோரமா காட்டுக்குத் திரும்பிப் போயிருது" என்றார். நான் என்ன செய்தேன்? "சரி சரி, நீங்க போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பி விட்டேன். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே கானோரத்தில், பன்றிக்குக் கட்டிய கம்பித் தடத்தில் ஒரு சிறுத்தை மாட்டிச் செத்துக் கிடந்தது. அதன் இடது காது கிழிந்திருந்தது.

அந்த அக்கா சொன்னதைத் தேதி போட்டு எழுதியிருந்தால், நேரத்தோடு தடத்தை அகற்றச் சொல்லியிருக்கலாம். விடிந்த பிறகு அந்தப் பக்கம் ஆளை அனுப்பச் சொல்லித் துரையிடம் கேட்டிருக்கலாம். சிறுத்தையும் பிழைத்திருக்கும், பெண்களின் பேரும் முழுசாக விழுந்திருக்கும்.

படித்த ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் அந்த அக்கா செய்த வேலைதான். ஒவ்வொரு சிறுத்தைக்கும் உடம்புப் புள்ளிகள் வேறு வேறு. நம் கைரேகை மாதிரி. காட்டில் தானாகப் படம் எடுக்கும் கமராவைக் கட்டி, புள்ளிகளை ஒப்பிட்டுத்தான் எது எது என்று பிரித்தறிகிறார்கள்.

நமக்குப் பக்கத்துக் காடுகளை யோசித்துப் பாருங்கள். சிவனொளிபாதமலைக் காடு 1940 ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவானது. இவை இரண்டும் நக்கிள்ஸ் மலைக்காடும் சேர்ந்து 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. மகாவலிக்கும், களனி கங்கைக்கும், வளவை கங்கைக்கும் தண்ணீர் கொடுப்பது ஹோட்டன் சமவெளி. இவை அரசாங்கக் காடுகள், அதாவது பொதுச்சொத்து. நமக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் மிருகத்துக்கு எல்லைக்கல் தெரியாது. பகலில் சரணாலயத்தில் படுத்திருப்பது இரவில் தேயிலைக்குள் நடக்கிறது. காட்டுக்குள் இருப்பதைக் கணக்கெடுக்கத் திணைக்களத்து ஆட்கள் இருக்கிறார்கள். தேயிலை ஓரத்தில் தினமும் நிற்பது யார்? நாம்தான்.

சாதாரண சனங்கள் கணக்கெடுப்பது புதிய விசயமும் இல்லை. 1900 ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் வட அமெரிக்காவில் 27 பேர் சேர்ந்து பறவைகளை எண்ணினார்கள். அந்தக் கணக்கு இன்றுவரை நடக்கிறது. ஆசிய நாடுகளில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். இலங்கையிலும் எண்ணுகிறார்கள். வருடக்கணக்காக எழுதியதால்தான் எந்தப் பறவை குறைகிறது, எது கூடுகிறது என்று சொல்ல முடிகிறது.

நாம் எப்படி எழுதுவது? ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஐந்து விசயம் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த மலை, என்ன மிருகம், எத்தனை. கடைசியில் பார்த்தவர் பெயர். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்க வேண்டாம். அடிச்சுவடு மட்டும் பார்த்தால் "சுவடு" என்றே எழுதுங்கள். என்ன மிருகம் என்று தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதலாம், அதில் வெட்கம் இல்லை. ஒன்றுமே பார்க்காத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். அதுவும் கணக்குத்தான். சிறுத்தை மட்டும் இல்லை, மரை, பன்றி, குரங்கு, பறவை, கொம்பு ஓணான் எல்லாம் எழுதலாம்.

போன் வைத்திருக்கிற தம்பி தங்கச்சிமார் பறவைக் கணக்கை ஈபேர்ட் என்பதிலும், மற்ற உயிர்களின் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்பதிலும் போடலாம். இரண்டுக்கும் காசு இல்லை. ஆனால் படத்துக்காகக் கிட்டே போகாதீர்கள். குட்டியைக் கண்டால் தொடாமல் விலகி வாருங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். அரிய உயிரின் சரியான இடத்தை ஊரெல்லாம் சொல்லாதீர்கள், பிடித்து விற்கிறவனும் கேட்டுக்கொண்டிருப்பான். பூங்காவுக்குப் போனால் டிக்கட் எடுத்து, பாதையிலேயே நடந்து, செடிகொடி எதையும் பிடுங்காமல் வாருங்கள்.

இனி, பேசக் கஷ்டமான விசயம். கம்பித் தடம். பன்றி தோட்டத்து மரக்கறியை ஒரே இரவில் கிண்டிப் போடுகிற வேதனை எனக்குத் தெரியும். ஆனால் தடத்துக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தடத்தில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும், சில நாளில் அது செத்துப் போனது. சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி குற்றம். நம் கொப்பியில் தடம் இருந்த இடத்தை எழுதுவோம். கட்டியவர் பெயரை எழுத வேண்டாம். ஆளைப் பிடித்துக் கொடுக்கிற கொப்பி இல்லை இது. மிருகம் உயிரோடு மாட்டியிருந்தால் கூட்டம் கூடாமல், கல்லெறியாமல், உடனே வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை அவிழ்க்க முடியும்.

நாளையிலிருந்து பிள்ளைக்காம்பராவில் ஒரு கொப்பி கட்டித் தொங்கும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும். மாதம் ஒருமுறை நான் வந்து எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். ஒன்றா எட்டா என்று அப்போது நமக்கே தெரியும்.

அன்றைக்கு அந்த அக்காவின் பேச்சை நான் எழுதவில்லை. இனி யார் வந்து சொன்னாலும், முதலில் பேனையை எடுத்துவிட்டுத்தான் பேசுவேன்.