பிள்ளை பார்க்கப் போகிறவளுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு?

(மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

போன கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு அக்கா எழும்பி ஒரு கேள்வி கேட்டார். "மகளைக் கொழும்பில ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கக் கேக்கிறாங்க. சாப்பாட்டுக்கு என்று மாசம் ஒரு தொகையைச் சம்பளத்தில பிடிப்பாங்களாம். இது சரியா ஐயா?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம்ம லயத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கொழும்பிலும் கண்டியிலும் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறாங்க என்று உங்களுக்கே தெரியும்.

என் பதில் இதுதான். வீட்டோடு தங்கி வேலை செய்கிறவளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் அந்த வீட்டார் கொடுக்க வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. ஏன் தெரியுமா? மலையில் கொழுந்து எடுக்கிறவங்க பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்கலாம், பகலுக்கு லயத்துக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கைக்குழந்தையைப் பார்க்கிறவள் அதைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியுமா? அவளுக்கென்று அடுப்பு உண்டா? அந்த வீட்டுச் சமையலறையை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. அங்கே பட்டினி என்றால் பட்டினிதான்.

காலையில் போய் அந்தியில் திரும்புகிற வேலை என்றால் கதை கொஞ்சம் வேறு. சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போகலாம். போகிறவளுக்கு அது வசதி என்றால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்த வழி என்று முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். பார்சலை அவிழ்த்துச் சாப்பிட அரை மணி நேரம் யாராவது பிள்ளையை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சோறுமாக நின்றுகொண்டு விழுங்குவது சாப்பாடு இல்லை.

நம்ம ஆட்கள் சம்பளத்தைக் கேட்பாங்க, லீவு கேட்பாங்க, சாப்பாட்டை மட்டும் கேட்க மாட்டாங்க. வெட்கம். கேட்டால் பெருந்தீனிக்காரி என்று நினைப்பாங்களோ என்கிற பயம். தரகரும் "சாப்பாடு எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். போய்த் திரும்பின பிள்ளைகளிடம் நான் விசாரித்திருக்கிறேன். நல்ல வீடுகளும் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. கூடவே வைத்துப் பரிமாறுகிற வீடும் உண்டு. இன்னொரு பக்கம், பாண் துண்டை எண்ணி வைக்கிற வீடும் உண்டு. இரவு பத்து மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் என்கிற வீடும் உண்டு. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற பிள்ளைக்கு மீன் குழம்பைத் தவிர வேறு ஒன்றும் வைக்காத வீடும் உண்டு.

சட்டத்தில் என்ன இருக்கு என்று கேட்பீங்க. 1871ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்திலேயே வீட்டு வேலைக்காரருக்கு ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அது அவங்களைப் பதிவு செய்ய வந்த சட்டம். 2016இல் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கொண்டு வந்தபோது வீட்டு வேலைக்காரரை அதில் சேர்க்கவில்லை. 2011இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வீட்டு வேலைக்காரருக்கென்று 189ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. சாப்பாடும் தங்குமிடமும் கொடுப்பதானால் அந்த விபரத்தை வேலைக்கு வருகிறவருக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும், முடிந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. குவைத்தில்கூட 2015இல் வந்த வீட்டு வேலையாள் சட்டம், சாப்பாடு, உடுப்பு, மருந்து, இடம் எல்லாம் எசமானின் பொறுப்பு என்று சொல்கிறது. சட்டம் இருந்தும் அங்கே பட்டினி கிடந்து திரும்பின அக்காமார் இருக்கிறாங்க, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறதல்லவா?

வயதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் திருத்தின சட்டப்படி 16 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். என்னைக் கேட்டால் 18 முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பாதீங்க. பசிக்கிறது என்று வாய் திறந்து சொல்லவே தைரியம் வராத வயது அது.

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம். கொழும்புக்காரரை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நியாயமில்லை.

பிள்ளைக் காம்பரா மூடுகிற ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவங்க பிள்ளையை யாரிடம் விடுறீங்க? பக்கத்துக் காம்பராப் பாட்டியிடம். காய்ச்சல் வந்த பிள்ளையையும் அவரிடம்தான். அந்திக்கு வந்து ஏதோ கொஞ்சம் காசு கையில் வைக்கிறீங்க. பகலைக்குப் பாட்டி என்ன சாப்பிட்டார் என்று யாராவது கேட்டீங்களா? பிள்ளைக்கு வைத்த பால்மாப் பைக்கட்டில் பேனையால் கோடு போட்டு வைக்கிற தாய்மார் நம்ம தோட்டத்திலேயே இருக்கிறாங்க. சிரிக்கிறீங்க, ஆனால் உண்மை. பால்மா விற்கிற விலைக்கு அந்தப் பயம் எனக்கும் விளங்குது. இருந்தாலும் யோசித்துப் பாருங்க: கொழும்பு அம்மா பாண் துண்டை எண்ணினால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தப் பாட்டிக்கும் அதே வயிறுதான்.

பெரிதாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. காலையில் உங்களுக்கு ரொட்டி சுடும்போது இரண்டு சேர்த்துச் சுடுங்க, கொஞ்சம் சம்பலும் வையுங்க. தேத்தூளும் சீனியும் ஒரு கடதாசியில் மடித்து வையுங்க. "பாட்டி, இது பிள்ளைக்கு, இது உங்களுக்கு" என்று வாயால் சொல்லிக் கொடுங்க. சொல்லாவிட்டால் அவர் தொடமாட்டார், பிள்ளைக்கென்று எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். சீனி வியாதி உள்ள பாட்டி என்றால் நேரத்துக்குச் சாப்பிடாமல் தலை சுற்றும். அப்போது அவர் மடியில் இருப்பது உங்கள் பிள்ளை.

கொழும்புக்கு அனுப்ப நினைக்கிறவங்க வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு டிஸ்பென்சரிக்குப் பக்கத்து அறைக்கு வாங்க. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க. சம்பளம், லீவு, படுக்கிற இடம், மூன்று வேளைச் சாப்பாடு, சாப்பிடாத வகைகள் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதுவோம். அந்த வீட்டார் ஒரு கையெழுத்து, பிள்ளை ஒரு கையெழுத்து. ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும், ஒன்று என் அலுமாரியில் இருக்கும். போன கூட்டத்தில் கேள்வி கேட்ட அக்கா முதலில் வரட்டும்.