சிகிச்சைப் பரிசோதனை: கையெழுத்து யாருடையது?

(தொழிலாளர் குடும்பங்களின் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காய்ச்சல் வந்தால் ஊருக்கெல்லாம் சொல்லுகிறோம். காலில் முள் தைத்தால்கூடச் சொல்லுகிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் தூங்காமல், உண்ணாமல், மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறோம். ஆண்பிள்ளை தினம் குடித்துவிட்டு வந்து விழுந்தால் அதைத் தலைவிதி என்கிறோம். 2015-16ல் பெங்களூர் நிமான்ஸ் ஸ்தாபனம் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவதொரு மனநோயால் துன்புறுவதாக அந்த ஆய்வு கூறியது. அவர்களில், நோயின் வகைக்குத் தக்கபடி, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை ஏதும் பெறாதவர்கள். இவர்கள் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிகளில் 'கிளினிக்கல் டிரையல்' என்ற பேச்சு நம் காதில் விழுகிறது. புதிய சிகிச்சை ஒன்று பலன் தருகிறதா என்று நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைப் பரிசோதனை அது. அதில் சேரலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். "ஏழைகளை எலியாக்கும் வேலை, போகாதே" என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். "இலவச வைத்தியம், உடனே போய்ச் சேர்" என்று இன்னொரு சாரார் சொல்லுகிறார்கள். இரண்டு பேச்சும் விஷயம் தெரியாத பேச்சு என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் எலிக் கதையைப் பார்ப்போம். கோவாவில் சங்காத் என்ற ஸ்தாபனம் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு பரிசோதனை நடத்தி, 2017ல் முடிவை வெளியிட்டது. கடுமையான மனச்சோர்வுற்ற 495 பேர் அதில் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அங்கே பரிசோதிக்கப்பட்டது மாத்திரை அல்ல, பேச்சு! ஆலோசனை சொன்னவர்கள் மனநல டாக்டர்களும் அல்ல. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண மனிதர்கள். ஆறு முதல் எட்டு முறை சந்திப்பார்கள். நின்றுபோன காரியங்களை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைப்பார்கள். மனம் நன்றான பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திராதே, எழுந்து ஒரு காரியம் செய், மனம் பின்னால் வரும் என்பதே அந்த முறையின் சாரம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தார்கள். பெறாதவர்களில் 39 பேர்தான்.

அதே கோவாவில், கெடுதல் தரும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களிடமும் இம்மாதிரிப் பரிசோதனை நடந்தது. நூற்றுக்கு 36 பேருக்குக் குணம். மற்றக் கோஷ்டியில் 26. அவ்வளவு பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் பத்துக் குடும்பத்துக்கு ஒரு குடும்பம் கூடுதலாக மூச்சு விட்டது என்றால் அது சின்ன விஷயமா?

நம் தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் ஸ்தாபனம், கோவா, சதாரா ஆகிய இடங்களிலுள்ள ஸ்தாபனங்களோடு சேர்ந்து, மனச்சிதைவு நோயுள்ள 282 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீட்டுக்கே போய் உதவினால் என்ன ஆகும் என்பது கேள்வி. 2014ல் வெளியான முடிவு என்ன? பலன் மிதமானதுதான், ஆனால் உண்மையான பலன். மனநல டாக்டரே எட்டாத கிராமப் பகுதிகளில் இம்முறையைத் தொடங்குவது நல்லது என்று ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள்.

இந்த எண்களெல்லாம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. நம்மைப் போன்றவர்கள் சம்மதித்துச் சேர்ந்ததால் கிடைத்தவை. பணக்காரனுக்கு மட்டும் பலித்த சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பலிக்குமா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில்தானே பார்க்க வேண்டும்?

இனி "இலவச வைத்தியம்" என்ற மயக்கத்துக்கு வருவோம். பரிசோதனை வேறு, வைத்தியம் வேறு. வைத்தியத்தில் டாக்டர் உங்களுக்கு எது ஏற்றது என்று பார்த்துக் கொடுப்பார். பரிசோதனையில், உங்களுக்குப் புதிய சிகிச்சையா பழைய சிகிச்சையா என்பதைப் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்யும். இது வஞ்சகமல்ல. ஆட்களைப் பொறுக்கிப் போட்டால் முடிவு பொய்யாகிவிடும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் 'மற்றக் கோஷ்டிக்கு என்ன கிடைக்கும்?' என்று நாம் கேட்டே ஆக வேண்டும். கோவாவில் அவர்களைக் கைவிடவில்லை. நோயின் விவரத்தை டாக்டரிடம் தெரிவித்து வழக்கமான சிகிச்சை நடந்தது. எல்லா இடத்திலும் இப்படியே என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

சில வாரங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் நம்மிடம் வந்தார்கள். பிள்ளை பெற்ற பின் மனம் உடைந்துபோன மருமகள். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். ஆலோசனைச் சிகிச்சைப் பரிசோதனை ஒன்றில் சேரும்படி அழைப்பு வந்திருந்தது. மாமியார் தாளை நீட்டி, "ஏன் தம்பி, பெரியவள் நான் கைநாட்டு வைத்தால் போதாதா? அவளுக்கு என்ன புரியும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மருமகள் பிழைக்க வேண்டுமே என்ற தவிப்பில் கேட்டார். ஆனால் பதில், போதாது என்பதுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோம்? 2009ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் ஜில்லாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய ஒரு திட்டத்தில் சுமார் 14 ஆயிரம் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். ஆதிவாசிப் பெண்கள் பலர். ஏராளமான சம்மதத் தாள்களில் பெற்றோர் கையெழுத்தே இல்லை. விடுதி வார்டன்கள் போட்டிருந்தார்கள்! 2010ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013ல் பார்லிமெண்டின் நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஊசி நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே நாம் பேசுவது. பிறத்தியார் போட்ட கையெழுத்து சம்மதமாகாது என்பதே.

மனநோயாளிக்கு இதில் தனிப் பாதுகாப்பே இருக்கிறது. 2017ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதன் 99வது பிரிவின்படி, மருந்தானாலும் வெறும் பேட்டியானாலும், ஆராய்ச்சிக்கு நோயாளியின் சுயேச்சையான, விவரமறிந்த சம்மதம் வேண்டும். சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லையென்றால், வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது; மாநில மனநல ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், பரிசோதனையோடு சம்பந்தமில்லாத, படித்த சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். தாளின் நகல் ஒன்று நம் கைக்கு வர வேண்டும்.

அந்தப் பெண்ணிடமே தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அண்ணா, வாரம் ஒரு நாள் வரச் சொல்லுகிறார்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு அன்றைக்குக் கூலி யார் தருவார்?" என்றாள். அவளுக்கு என்ன புரியும் என்றார்களே! எந்தக் கமிட்டியும் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. பஸ் செலவையும் வீணாகும் நேரத்துக்கு ஈட்டையும் தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ம் வருஷத்து வழிகாட்டி நெறிகள் சொல்லுகின்றன. ஆசை காட்டி இழுக்கும் அளவுக்குத் தரக்கூடாது, அவ்வளவுதான். பரிசோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் கோரலாம். சேருவதற்கு நம்மிடமே பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நல்லது, பரிசோதனை எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது. 'கிளினிக்கல் டிரையல்ஸ் ரிஜிஸ்ட்ரி இந்தியா', சுருக்கமாக சி.டி.ஆர்.ஐ., 2007 ஜூலையில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கியது. மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். இன்டர்நெட்டில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். நோயின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வயதினரைச் சேர்க்கிறார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள், பணம் போடுவது யார், நெறிமுறைக் கமிட்டி அனுமதித்ததா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் தெரியும். விசாரிக்க வேண்டியவரின் டெலிபோன் நம்பரும் இருக்கும். குறை என்னவென்றால், அது இங்கிலீஷில் இருக்கிறது. ஜனங்களுக்கான பதிவேடு ஜனங்களுக்குத் தெரியாத பாஷையில்! அதைப் பற்றிக் குரல் எழுப்புவோம். அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.

யாராவது உங்களை அழைத்தால் முதலில் சி.டி.ஆர்.ஐ. நம்பரைக் கேளுங்கள். நம்பர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லுவார்களா, பரிசோதனை முடிந்த மறுநாள் நம்மை யார் பார்ப்பார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். யோசிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வேண்டாம் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சையை ஆஸ்பத்திரி மறுக்க முடியாது.

ஒன்று மறக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு இருப்பவரைப் பரிசோதனைக்காகக் காக்க வைக்காதீர்கள். சர்க்காரின் டெலி-மானஸ் நம்பர் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம். ஜில்லா மனநலத் திட்டத்தின் டாக்டரை ஜில்லா ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

அந்தப் பெண் இன்னும் முடிவு செய்யவில்லை. கூலி பற்றிய கேள்வியை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், பதில் வரவேண்டும். வரும் ஞாயிறு காலை இங்கே பதிவேட்டைத் திறந்து வைத்துப் படிக்கப் போகிறோம். யாரிடமாவது இம்மாதிரித் தாள் இருந்தால், கையெழுத்துப் போடாமல் கொண்டு வாருங்கள்.