நம் பெயரின் பின்பாதி
(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி மலருக்குக் குடும்பப் பட்டியல் தயாரிக்கும் வேலையை எங்களிடம் ஒப்படைத்தீர்கள். சின்ன வேலை என்று எண்ணித்தான் ஏற்றுக்கொண்டோம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளோடு இரண்டு மாதம் மல்லாடிய பிறகுதான் தெரிந்தது, பெயரின் முன்பாதியில் தொல்லையில்லை, பின்பாதியில்தான் வில்லங்கம் என்று.

முதலில் கடற்கரைத் தெரு. பர்னாந்து, ரொட்ரிகோ, பெரைரா, வாஸ், கோமஸ், மச்சாடோ என்று பக்கம் பக்கமாக வருகிறது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1536-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றபோது வந்து சேர்ந்த போர்த்துக்கீசியப் பெயர்கள் இவை. புனித சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542-இல்தான். போர்த்துக்கீசிய இரத்தம் என்று யாரும் மார்தட்ட வேண்டியதில்லை. வந்தது பெயர் மட்டுமே.

அந்தப் பெயர்களின் பொருளைப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். ரொட்ரிகஸ், ரொட்ரிகோவின் மகன். வாஸ், வாஸ்கோவின் மகன். நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். அவர்கள் பின்னால் ஒரு 'எஸ்' சேர்த்தார்கள். பெரைரா பேரிக்காய் மரம், கர்வாலியோ ஓக் மரம், மச்சாடோ கோடாலி. நம் தெருவில் மரமும் கோடாலியும் சம்பந்தம் செய்துகொண்டு சுகமாயிருக்கின்றன!

கோவாவில் இதே பெயர்களைப் பல சாதியாரும் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சாதியைச் சொல்ல முடியாது. இலங்கையிலோ சிங்களப் பௌத்தர்களிலும் பெர்னாண்டோக்கள் உண்டு. நம் பக்கத்தில் மட்டும் பர்னாந்து என்றவுடனே, "ஓ, அவங்களா?" என்கிறார்கள். ஊருக்கு ஊர் பெயரின் வேலை மாறுகிறது.

உள்நாட்டுக் குடும்பங்களின் கதை வேறு. அங்கே பிள்ளை, முதலியார், நாடார் என்ற பட்டங்கள் திருமுழுக்குக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டே வந்தன. வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசரு என்று பெயர் வைத்தார்கள். அதன் பொருளைத் தமிழாக்கித்தான் தேவசகாயம். பெயர் மாறியும் 'பிள்ளை' போகவில்லை. அவரைப் புனிதராக்கும் முயற்சி நடந்தபோது, சாதிப் பட்டம் வேண்டாம் என்று பலர் முறையிட்டனர். உரோமாபுரியும் அதை நீக்கியது. 2022 மே 15 அன்று வெறும் தேவசகாயமாகவே அவர் புனிதரானார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், பட்டியலில் பட்டத்தைப் போட்டே ஆக வேண்டும் என்று சிலர் எங்களிடம் வந்து சண்டை பிடித்தார்கள். "தாத்தா பெயரில் இருந்ததை வெட்ட நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றாம் பதிவேட்டில் சில பெயர்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் மட்டும் யாரோ சாதியை எழுதி வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் கேட்டு வாங்கிய பட்டமல்ல. அக்குடும்பத்துப் பாட்டி ஒருவர் பணிமனைக்கு வந்து, "எங்க பூட்டன் பேரை மட்டும் போடுங்கய்யா, ஓரத்துல கிடக்கிறது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அதற்குமேல் எங்களுக்கு வேலை ஓடவில்லை.

ஆகவே எல்லாப் பட்டங்களையும் எடுத்துவிட்டோம். போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களை விட்டு வைத்திருக்கிறோம். "அதுவும் இங்கே சாதிதானே?" என்று ஓர் இளைஞர் மடக்கினார். எங்களிடம் முழுப் பதில் இல்லை. அவற்றையும் எடுத்தால் ஒரே தெருவில் பதினொரு அந்தோணிசாமிகளைப் பிரித்தறிய வழியில்லை என்பதே உண்மையான காரணம்.

கைப்படி பணிமனை மேசையில் இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் சனிக்கிழமை மாலைக்குள் திருத்தித் தாருங்கள். திங்களன்று அச்சகத்துக்குப் போகிறது.